வியாதி பதினாலுலேயே கெடந்துட்டு

ஏ டாக்டரம்மா, செத்த இங்கன வந்து திண்ணையில உக்காரு. உன் வெள்ளக் கோட்டத் தொவைக்கதுக்கு முன்னால உங்க ஆச்சி பைக்குள்ள கைய விட்டுருக்கா. உள்ள ஒரு காகித மில்லே கெடந்திருக்கு. மஞ்சச் சீட்டு, ரோஸ் சீட்டு, மருந்துக் கம்பெனிக்காரன் குடுத்த குட்டி நோட்டு, பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால ரெண்டு வரி, கையுறை வந்த அட்டைப்பெட்டியக் கிழிச்சு அதுல நாலு வரி. அது போக, உன் உள்ளங்கையில நீல மையில 'பொட்டாசியம் பாக்கணும்'னு வேற எழுதியிருந்துச்சு. யாருக்குப் பாக்கணும்? அதக் காணோம். ராத்திரி சோறு தின்னுட்டுக் கைய கழுவுன. பொட்டாசியமும் போச்சு, ஆளும் போச்சு.

ஆடித் தபசுக்குன்னு மூணு நாள் லீவுல வந்த பிள்ள, வந்ததுலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுத. கேட்டா, "தாத்தா, பன்னெண்டு பேஷண்ட் குடுத்திருக்காங்க, ரவுண்ட்ஸ்ல சார் கேக்கும்போது எவருக்கு எதுன்னு கொழம்புது"ங்க. பன்னெண்டுக்கே கொழம்புதா! கருப்பாநதி அணைக்கட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவுல அறுபது உருப்படிய நாப்பது வருசம் மேச்சவன்ட்ட வந்து இதச் சொல்லுதியே, உனக்கே வெக்கமா இல்லையா?

நீ கெட்டிக்காரிதான், இல்லைங்கல. அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைகளுக்குன்னு 2020-ல கொண்டாந்தாவளே 7.5 சதவீதம், அதுல சீட்டு வாங்குனவ நீ. ஏழரைன்னு சொன்னாலே ஊர்ல அவனவனுக்குச் சனி நெனப்பு வரும். நம்ம வீட்டுக்கு மட்டும் டாக்டரு வந்துச்சு. அன்னையிலேர்ந்து சனிக்கெழமை சனிக்கெழமை நான் நல்லெண்ண வெளக்கு போடுதேன், பயத்துல இல்ல, நன்றியில. ஆனா பரீச்சையில பாஸாகதுக்கு வேற கூறு வேணும், ஆள மேய்க்கதுக்கு வேற கூறு வேணும்.

ஆட்டுக்காரன் நாள் பூரா ஆட்ட எண்ணிக்கிட்டே இருப்பான்னு நெனச்சிக்கிட்டிருக்க. எண்ணுதது கருக்கல்ல, பட்டி வாசல்ல, சோடி சோடியா, ஒரே ஒரு தடவ. மத்த நேரமெல்லாம் பாக்கது மட்டுந்தான். கன்னி ஆடு கருப்பு. மூஞ்சியில ரெண்டு பக்கமும் வெள்ளக் கோடு ஓடுனா பால்கன்னி, செவப்புக் கோடு ஓடுனா செங்கன்னி. டவுன்காரனுக்கு அறுபதும் ஒரே ஆடு. எனக்கு அறுபதும் அறுபது மதினிமாரு. ஒருத்தி கோவக்காரி, ஒருத்தி திருடி, ஒருத்தி யாரு வேலியில ஓட்டைன்னு பாத்துக்கிட்டே திரிவா.

காலையில படலத் தொறந்து விட்டா, முன்னால ஓடுத ஆட்ட நான் பாக்கவே மாட்டேன். அதுக்கு என்ன கேடு, எலையத் திங்க ஓடுது. பின்னால தங்குதது எது? அசை போடாம நிக்கது எது? காது தொங்குதா, மூக்கு காஞ்சிருக்கா, பால் குடிக்க வந்த குட்டிய எட்டி ஒதைக்காளா? இப்படி மூணோ நாலோ தேறும். அன்னைக்கு என் சோலி அந்த நாலோடதான். மிச்சம் அம்பத்தாறும் தன்னால மேயும்.

நீ என்ன செய்யுத? ஒண்ணாம் கட்டில்ல ஆரம்பிச்சு ரேஷன் கடை வரிசை மாதிரி பன்னெண்டு வரைக்கும் போற. ஒண்ணாம் கட்டில்ல நாளைக்கு வீட்டுக்குப் போகப்போற ஆளு. பேரன் கல்யாணத்துல பந்தி பத்தாமப் போன கதைய அவரு கால்மணி நேரம் சொல்லுதாரு, நீயும் தலைய ஆட்டிக்கிட்டு நிக்க. பன்னெண்டாம் கட்டில்ல ஒரு மனுசன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கான். அவன்ட்ட நீ போகையில சார் வந்துருதாரு, நீ முழிக்க. வார்டுக்குள்ள நுழைஞ்ச ஒடனே வாசல்ல நின்னு பன்னெண்டு மூஞ்சியையும் ஒரு பார்வை பாக்கதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பீடி பத்த வைக்க நேரந்தான். நான் பீடிய விட்டாச்சு, அத உங்க ஆச்சிட்ட கேட்டுக்கோ.

அதுக்காக நொண்டிய மட்டும் பாத்துட்டு வந்துறாத. மொத மழை பேஞ்சு புதுப் புல்லு துளுத்ததும் துள்ளுமாரி வரும். எலும்புந் தோலுமா நிக்கத அந்தச் சவம் தேடாது. நல்லா மேஞ்சு கொழுத்து நிக்கததான் தேடி அடிக்கும். சாயங்காலம் துள்ளிக்கிட்டு நின்ன கிடா விடியக்காலம் வெறச்சுக் கெடக்கும். அப்படி ஒரே வாரத்துல எனக்கு ரெண்டு கிடா போச்சு. அந்தத் தீவாளிக்கு உங்கப்பனுக்குச் சட்டை எடுக்கல, இன்னும் சொல்லிக் காட்டுதான். அதுக்குப் பொறவுதான் மழைக்கு முந்தியே தடுப்பூசி போடப் பழகுனேன். அதனால நொண்டிய மொதல்லயும் ரொம்ப நேரமும் பாரு, ஆனா கருக்கல்ல அறுபதையும் எண்ணிரு.

இன்னொண்ணு கேளு. குட்டி காணாமப் போனா எனக்கு முந்தித் தெரியுதது யாருக்கு? தாயாட்டுக்கு. அது கத்துத கத்தே வேறயா இருக்கும். வார்டுல கட்டிலுக்குக் கீழ பாய விரிச்சுப் படுத்திருக்காளே ஒருத்தி, தூக்குவாளியும் ஃபிளாஸ்க்குமா, அவதான் தாயாடு. நீங்க அவளத் தாண்டித் தாண்டிப் போறிய. "என்னம்மா, நேத்து மாதிரி இருக்காவளா?"ன்னு அவகிட்ட ஒரு வார்த்த கேளு. "ராத்திரி பூரா பெனாத்துனாவ டாக்டர், என் பேரச் சொல்லாம செத்துப்போன அவிய அக்கா பேரச் சொன்னாவ"ன்னு சொல்லுவா. அது உன் பன்னெண்டு சீட்டுல ஒண்ணுலயும் இருக்காது.

இப்ப என் கதைக்கு வாரேன். எனக்கு எடது காலுல சர்க்கரப் புண்ணு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேம்லா, நெனவிருக்கா? எந்த ஆஸ்பத்திரின்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ படிக்கிற எடம் இல்ல, அது போதும். மொத நாளே என் பேரு போச்சு. "பதினாலுக்கு டிரெஸ்ஸிங் ஆச்சா? பதினாலுக்கு சுகர் எவ்வளவு?" எழுவது வருசமா இருந்த பேர ஒரு இரும்புக் கட்டிலு முழுங்கிட்டு.

எதுத்தாப்புல ஒரு பெரியவருக்கு மண்ணீரல் வீங்கியிருந்துச்சு. "நல்ல கேஸ், நல்ல கேஸ்"னு ஒரே பேச்சு. நல்ல கேஸுன்னா அது படுத்திருக்கவனுக்குக் கெட்ட நேரம்னு அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. இருபது பிள்ளைய வரிசையா வந்து அவரு வயித்த அமுக்கிப் பாத்தாவ. இருபத்தோராவதா வந்த பிள்ள கைய வச்சதும் பெரியவரு மெதுவாச் சொல்லுதாரு: "எம்மா, மொதல்ல என்ன மூச்ச இழுக்கச் சொல்லணும், மறந்துட்டியே." என் பக்கம் ஒரு குஞ்சு வரல. சர்க்கரப் புண்ணு சாதாக் கேஸாம்.

நாலாம் நாள் ராத்திரி பதினாலுக்கு மேல சுத்துன ஃபேன் நின்னுட்டு. "பதினேழு காலியாத்தான் இருக்கு, அங்க போய்ப் படுங்க தாத்தா"ன்னு ஆயாம்மா சொன்னா. போனேன். என் தலவாணி வந்துச்சு, சொம்பு வந்துச்சு, உங்க ஆச்சி வந்தா. என் வியாதி மட்டும் பதினாலுலேயே கெடந்துட்டு.

விடியக்காலம் பதினாலுக்கு ஒரு வாலிபன் வந்தான். குளிர் காய்ச்சல், ஃபேன் இல்லைன்னதும் அவனுக்குச் சந்தோசம். ஏழு மணிக்குக் கோட்டு போட்ட பையன் ஒருத்தன் கையில சீட்டோட வந்தான். சீட்டப் பாத்தான், கட்டில் நம்பரப் பாத்தான், மூஞ்சியப் பாக்கல. "காலக் காட்டுங்க." அவனும் காட்டுனான். ஆஸ்பத்திரியில கேட்டதக் காட்டிறணும்னு அவங்கம்மை சொல்லி விட்டிருப்பா போல. பையன் குனிஞ்சு பாத்தான், திருப்பிப் பாத்தான், மொகத்துல ஒரு பூரிப்பு. கேஸ் ஷீட்டுல எழுதுனான். பொறவு ஸ்டாஃப் நர்ஸம்மா அத எடுத்து வாசிச்சுட்டுத் தலையில அடிச்சிக்கிட்டாவ. புண் முழுசா ஆறிட்டுன்னு எழுதியிருக்கான்! ஒரே ராத்திரியில! சங்கரன்கோவில் புத்து மண்ண மூட்டை மூட்டையாப் பூசுனாக்கூட அவ்வளவு வெரசா ஆறாது தாயி. பதினேழுல கெடந்த எனக்கு அன்னைக்குக் கட்டே மாத்தல.

நீரு ஏன் வாயத் தொறக்கலன்னு உங்க ஆச்சியும் கேட்டா. பதினேழாம் நம்பருக்குக் காலையில ரெண்டு அவிச்ச முட்டை எழுதியிருந்துச்சு.

சிரிக்காத. ஆள அடையாளம் காண ரெண்டு விவரமாவது வேணும், அறை நம்பர அதுல சேக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-லயே சொல்லியிருக்குன்னு போன தடவ நீதான் வாசிச்சுக் காட்டுன. வாசிக்கும்போது குரல் கணீர்னு இருந்துச்சு. வார்டுக்குப் போனா நீயும் "ஆறாம் பெட்"டுங்க. மாட்டுக்குக் கூடக் காதுல மஞ்சத் தகடு அடிச்சு 12 இலக்கத்துல ஒரு எண்ணு குடுத்தாச்சு. அது எந்தத் தொழுவுக்குப் போனாலும் அந்த எண்ணு கூடவே போகும். மனுசன் கட்டில் மாறுனா வேற ஆளாயிருதான்.

பேரு மட்டும் தெரிஞ்சா போதும்னும் நெனைக்காத. நம்ம பக்கத்துல வார்டு வாசல்ல நின்னு "கோமதி"ன்னு ஒரு சத்தம் குடுத்தா நாலு பேரு எந்திரிப்பாவ. வெளிய கேட்டுகிட்ட பூ விக்குதவளும் திரும்பிப் பாப்பா. நம்மூரு தபால்காரரக் கேளு, அவரு சொல்லுவாரு. 1941-லயே சிங்கப்பூருல கடையநல்லூர் முஸ்லிம் லீக்குன்னு சங்கம் வச்ச ஊரு இது. அங்கேருந்து வார கடுதாசியில 'மைதீன், கடையநல்லூர்'னு மட்டும் எழுதியிருந்தா என்ன ஆகும்? துட்டு அனுப்புனவன் ஒருத்தன், பிரியாணி வேற மைதீன் வீட்டுல. அதனால பேரு, அப்பன் பேரு, தெருப் பேரு, வீட்டுப் பட்டப்பேருன்னு நாலும் எழுதுவாவ. உனக்குப் பட்டப்பேருக்குப் பதிலா, ஆஸ்பத்திரியில சேக்கும்போது குடுக்குத ஐ.பி. நம்பரு இருக்கு. "உங்க பேரு கோமதிதானே?"ன்னு கேக்காத, காது மந்தமான கெழவி எல்லாத்துக்கும் ஆமான்னு தலையாட்டுவா. "உங்க பேரு என்னம்மா?"ன்னு கேளு, அவ வாயால வரட்டும்.

அடுத்தது, கை மாத்தி விடுதது. தபசுக்கு நான் சங்கரன்கோவில் போகணும்னா உங்க ஆச்சி தம்பிட்ட ஆட்ட விட்டுட்டுப் போவேன். அறுபதுக்கும் சாதகம் சொல்லிக்கிட்டா நிப்பேன்? "மாப்ள, செங்கன்னி ஒண்ணு நொண்டுது, மேட்டுக்கு ஏத்தாத. சுட்டித்தலைச்சி சூல் ஆடு, இன்னைக்கோ நாளைக்கோ ஈனிருவா. காலால தரையப் பறிச்சான்னா ஒடனே அக்காளக் கூப்பிடு. மிச்சமெல்லாம் சௌரியம். மொத்தம் அறுபது. இப்ப நீ சொல்லு." அவன் சொல்லுவான்: "செங்கன்னி ஈனப் போகுது, சுட்டித்தலைச்சி நொண்டுது." பாத்தியா? கேக்காமப் போயிருந்தா நொண்டி ஆட்டுக்கு ராத்திரி பூரா வெந்நி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான்.

இதத்தான் அமெரிக்கா, கனடாப் பக்கம் ஒன்பது ஆஸ்பத்திரியில பழக்கிப் பாத்து 2014-ல எழுதுனாவன்னு நீ சொன்ன. யாரு சீரியஸுன்னு மொதல்ல சொல்லு, பொறவு கதையச் சுருக்கிச் சொல்லு, பொறவு செய்ய வேண்டிய சோலி, இன்னது நடந்தா இன்னது செய்யி, கடைசியில கேட்டவன் திருப்பிச் சொல்லணும். தப்பு 23 சதவீதம் கொறஞ்சுதாம். ஐ-பாஸ்னு பேரு வச்சிருக்காவ. எங்க மாப்ள-பாஸ் அதுக்கு முப்பது வருசம் மூத்தது. ஆனா நான் எங்கயும் எழுதிப் போடல, தப்பு என் பேர்லதான்.

கேஸ் ஷீட்டுல கதை எழுதாத, பிரச்சினைகள ஒண்ணு ரெண்டுன்னு வரிசை போடுன்னு 1968-ல ஒருத்தர் சொன்னாராமே, லாரன்ஸ் வீட். ஒவ்வொரு பிரச்சினைக்கும் அவிய சொன்னது, நீ பாத்தது, நீ நெனைக்கது, செய்யப் போறது. வீடுன்னா இங்கிலீஸ்ல களையாம். பேருக்கேத்த மனுசன், காகிதத்துல களை எடுத்திருக்காரு. உன் கோட்டுப் பையில எடுக்கதுக்கு இன்னும் ஒரு ஏக்கரு கெடக்கு.

அதனால அந்தச் சீட்டெல்லாத்தையும் அடுப்புல போடு. ஒரே காகிதம், நாலா மடி, ஆளுக்கு ஒரு கட்டம். பால்காரன் சுவத்துல கோடு போடுவாம்லா, அந்தக் கணக்கு போதும். ரத்தம் பாக்கச் சொல்லி எழுதுனா ஒரு கோடு, ரத்தம் எடுத்துப் போயாச்சுன்னா குறுக்க ஒரு கோடு, ரிசல்ட்ட நீ கண்ணால பாத்தா ஒரு வட்டம். எழுதுனது எடுத்தது ஆகாது, எடுத்தது பாத்தது ஆகாது. சாயங்காலம் வட்டம் இல்லாத கட்டம் எத்தனைன்னு பாத்துட்டு அப்புறம் ஹாஸ்டலுக்குப் போ.

எழுதுததையும் அங்கனயே எழுதிரு. என் சேக்காளி ஒருத்தரு லுங்கித் தறி போட்டவரு. பாவுல ஆயிரக்கணக்குல இழை ஓடுது. ஒரு இழை அறுந்தா தறிய நிப்பாட்டி அந்த எடத்துலயே முடிச்சுப் போடுவாரு. "இன்னும் ஒரு சாண் ஓடட்டுமே, வே"ன்னு ஒரு நாள் சொல்லிப் பாத்தேன். என்ன ஒரு பார்வை பாத்தாரு பாரு. ஒரு சாண் விட்டா ஒரு சாணுக்குக் கோடு விழுந்துரும், அந்தக் கோட்ட எந்தக் கொம்பனாலயும் அழிக்க முடியாதாம். நீ பன்னெண்டு பேரையும் பாத்துட்டு, கேன்டீன்ல போய் உக்காந்து, பப்ஸத் தின்னுக்கிட்டே எல்லாருக்கும் சேத்து எழுதுத. அதுக்குள்ள மூணாம் ஆளு பிரஷரு ஒன்பதாம் ஆளு மேல ஏறி உக்காந்திருக்கும்.

அந்த ஒத்தக் காகிதத்த வீட்டுக்குக் கொண்டாராத, டீக்கடையில விட்டுட்டும் வராத. வடை மடிச்சுத் தாராவளே காகிதம், அத வாசிக்காமத் திங்கவன் நம்மூர்ல எவனும் கெடையாது. யாரு வீட்டுப் பிள்ளைக்கு என்ன வியாதின்னு எண்ணெயோட சேந்து ஊருக்கே தெரிஞ்சிரும். காகிதத்துல ஐ.பி. நம்பரும் பேரோட மொத எழுத்தும் இருக்கட்டும், முழுப் பேரு உன் வாயில இருக்கட்டும். சோலி முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுட்டு வா. போன்ல படம் பிடிச்சு உங்க கூட்டத்துக்கு அனுப்புத வேலைய விட்டுரு, அது வடைக் காகிதத்த விட மோசம்.

ஒரு ஆளு ஆஸ்பத்திரியில வந்து சேந்ததுலேர்ந்து வீட்டுக்குப் போற வரைக்கும் மாணவரு கூடவே தொடரணும்னு 2019-ல பாடத்திட்டத்த மாத்துனப்ப எழுதி வச்சாவளாம். நல்ல எழுத்து. ஆனா நீ நாலு வாரத்துக்கு ஒரு வார்டு மாறுத. போற அன்னைக்கு அந்தப் பன்னெண்டு பேருட்டயும் "நான் நாளையிலேர்ந்து வேற வார்டும்மா, இனிமே இன்னாரு வருவாங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. ஆடு மாதிரி இல்ல, மனுசன் தேடுவான். என்ட்ட தெனம் சர்க்கரை பாக்க வந்த ஒரு பிள்ள திடீர்னு ஒருநாள் வரல. உங்க ஆச்சி மூணு நாள் வார்டு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தா, அந்தப் பிள்ளைக்குன்னு எடுத்து வச்ச முறுக்கு நமுத்துப் போற வரைக்கும்.

சரி, எந்திரி, தென்காசி பஸ்ஸு வார நேரம். என்னது, போறதுக்கு முந்தி என் காலப் பாக்கணுமா? பாரேன், யாரு வேண்டாங்கா. இந்தா, நீட்டிட்டேன்.

என்ன முழிக்க? ஆமா, இது வலது காலு. "மத்தக் காலு தாத்தா"ன்னு கேட்டியே, அது போதும் எனக்கு. புண்ணு எடதுலதான். முழுசா ஆற அஞ்சு மாசம் ஆச்சு.